பச்சைக் கதிர்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பவித்திரன் அண்ணை. இறுதிப்போட்டியன்று மண்டபத்தில் தந்த மட்டன் ரோல்ஸ் மிக நன்றாக இருந்தது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இத்தனை தமிழ்க்கடை இருந்தும், உள்ளே கிழங்கை அடைத்துவிட்டு இறைச்சி என்று சொல்லுகிறவர்கள்தான் அதிகம்.

வென்ற அணியே தன்மேல் முறைப்பாடு கொடுப்பது உங்கள் சங்கத்துக்குப் புதிதாக இருக்கும். கொடுத்தவள் என் கணவர் துஷாந்தனின் தங்கை அனோஜினி. அவளில் எனக்குக் கோபம் இல்லை. கண்டதைத்தான் எழுதியிருக்கிறாள். ஏன் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

நீங்கள் உதைபந்தாட்டமும் வலைப்பந்தும் நடத்திப் பழகிய ஆள். வீடியோ கேமை இந்த வருடம்தான் சேர்த்தீர்கள். அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. 'நெபுலா காவல்' என்ற அந்த ஆட்டத்தில் ஒரு விண்வெளி நிலையத்துக்குள்ளே எரிபொருள் வண்டியைக் கடைசிக் கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எதிரணி மறித்து நின்று சுடும். எங்கள் அணியில் கிருஷாந்த் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவான். அனோஜினி தூரத்தில் பதுங்கியிருந்து சுடுவாள். என் கணவர் உள்ளே பாய்ந்து சுடுவார். நான் வைத்தியர்.

என் கையில் இருப்பதும் சுடுகிற துவக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் அது பச்சைக் கதிர் பாய்ச்சும். பட்டால் காயம் ஆறும். காயம் ஆற ஆற என் திரையின் மூலையில் ஒரு வட்டம் நிரம்பும். அது முழுதாக நிரம்பினால், செத்துக் கிடக்கிற எல்லோரையும் ஒரே அலையில் எழுப்பலாம். ஆட்டத்தில் அதைவிடப் பெரிய சக்தி கிடையாது. அதை வைத்தியரிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரேயொரு நிபந்தனை, யாராவது காயப்பட வேண்டும்.

தொடக்கத்தில் அதற்குக் குறைவே இருக்கவில்லை. என் கணவர் எலெக்ட்ரீசியன். வேலை முடிந்து பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், சுவர் எது கதவு எது என்று தெரியாமல் ஓடிப்போய்ச் சாவார். "பிரசா, பச்சை... பிரசா, என்னைப் பாரும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவர் என்னை அவ்வளவு தேடியதில்லை. நானும் ஒருமுறைகூட அவரைக் கைவிட்டதில்லை.

பிறகு அவர் தேறிவிட்டார். மூலையில் மறைந்து நிற்கவும் குறி பார்த்துச் சுட்டுவிட்டுப் பின்வாங்கவும் பழகிக்கொண்டார். மேலில் ஒரு கீறல் இல்லை. என் வட்டம் நிரம்பவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்க விளையாடினோம். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. முடிந்ததும் அவர், "இப்ப எங்களுக்கு வைத்தியரே தேவையில்லைப் போல" என்று பகிடியாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஆட்டத்தில், "இடப்பக்கம் ஒருத்தரும் இல்லை, போங்கோ" என்றேன். எதிரணியில் இரண்டு பேர் நின்று சுட்டார்கள். ஒரு நிமிடத்துக்குள் அவரைக் குணமாக்கிவிட்டேன். அதை அடிக்கடி செய்ய முடியவில்லை. "அண்ணி, ஒருக்கால் கண்ணைச் செக் பண்ணுங்கோவன்" என்று அனோஜினி சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அவருடைய மவுஸின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் திரையில் குறி ஓடுகிற வேகம் மாறும். மேசை துடைக்கும்போது அழுத்திவிடுவேன். ஒருநாள் கொஞ்சம் கூட, ஒருநாள் கொஞ்சம் குறைய. அவர் மறுபடியும் சுவரைச் சுட்டார். மறுபடியும் செத்தார். மறுபடியும் "பிரசா" என்றார். விளையாட்டுத்தானே, நோகாது.

ஆனால் அவர் பொத்தானைச் சந்தேகிக்கவில்லை, கையைச் சந்தேகித்தார். "என்ர கைக்கு என்னவோ நடக்குது" என்றார். நான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து நல்ல மணிக்கட்டுப் பட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். எண்ணெய் பூசித் தேய்த்துவிட்டேன். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்றதும் அவருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. ஏணியில் ஏறுகிற வேலையெல்லாம் கூட வேலை செய்யும் கிருஷாந்திடம் போயிற்று.

அனோஜினிக்குக் குழந்தை பிறந்தபோது சட்டனில் இருக்கிற அவள் வீட்டுக்குப் பார்க்கப் போனோம். அவள் பிள்ளையை அண்ணனிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு ஏலாது, விழுத்திப்போடுவன்" என்றார். நான் முன்னால் வந்து வாங்கிக்கொண்டேன். ஆகையால் ஒருவருக்கும் சங்கடமாகவில்லை.

இனி இறுதிப்போட்டி. கிருஷாந்த் நல்ல பொடியன். புது மவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணை, இதைப் பிடிச்சுப் பாருங்கோ" என்று கொடுத்துவிட்டான். முதல் சுற்றில் என் கணவர் எதிரணியை அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிப் பொறுக்கி எடுத்தார். சுற்று முடிந்ததும் பட்டியைக் கழற்றிக் கையை விரித்துப் பார்த்தார். "பிரசா, கை நடுங்கேல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அவர் முகம் கழுவப் போனபோது அந்தப் புது மவுஸையும் கவிழ்த்து அடியில் இருந்த பொத்தானை அழுத்தினேன். அனோஜினி கண்டது அதைத்தான்.

இரண்டாவது சுற்று நீங்களே பார்த்தது. அவர் வரிசையாகச் செத்தார். அவரை நம்பி முன்னேறிய மற்ற இரண்டு பேரும் செத்தார்கள். என் வட்டம் நிரம்பியிருந்தது. கதவுக்கு முன்னால் நின்று மூன்று பேரையும் ஒரே அலையில் எழுப்பினேன். வண்டி உள்ளே போனது. மண்டபமே எழும்பிக் கைதட்டியது. சிறந்த ஆட்டக்காரர் கிண்ணத்தை நீங்கள்தான் என் கையில் தந்தீர்கள். என் கணவர் பட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். "இவ இல்லாட்டி நான் இல்லை" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

ஓம், பொத்தானை நான்தான் அழுத்தினேன். அன்றைக்கும் நான்தான், அதற்கு முன்னம் எல்லா நாளும் நான்தான். கிண்ணத்தைத் திருப்பி எடுங்கோ, அணியின் பெயரை வெட்டுங்கோ, எனக்குத் தடை போடுங்கோ. நான் மறுக்கவில்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். என் கணவர் வெளியே காரில் இருக்கிறார். இப்போது நான்தான் ஓட்டுவது. இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாம், அண்ணை. தெரிந்தால் அந்தக் கை உடனே சுகமாகிவிடும். பிறகு அவரை யார் பார்த்துக்கொள்வது?