நாற்பது பேரின் கால்கள்

தேத்தண்ணிக்கு நன்றி, ஐயா. சீனி போட்டுக் குடித்து மூன்று வருஷமாகிறது. போர் முடிந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், கேட்டதையெல்லாம் சொல்கிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

என் பெயர் இராஜரத்தினம். யாழ்ப்பாணத்தான். மலாயாவுக்கு வந்து, லுக்குட்டுக்குப் பக்கத்தில் இந்த ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக டிரெசர். மருந்து கொடுப்பதும் புண் கட்டுவதும் வேலை. ஆசை வேறு. மனிதர்கள் நடப்பதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரண்டு முனையிலும் பால் வாளி தொங்க, மேட்டிலிருந்து இறங்கும் ஆட்களைப் பாருங்கள். ஒருவனுக்கு ஒரு சொட்டும் சிந்தாது. இன்னொருவனுக்குப் பத்தடிக்குள் கணுக்கால் பிசகும். ஏன் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தேன். எட்டு வைக்கும் தூரத்தைப் பிரம்பால் அளந்தேன், படம் வரைந்தேன், கால் வைக்கும் விதம் சொல்லிக்கொடுத்தேன். ஒரே வருஷத்தில் கால் பிசகி வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். துரை அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மாயாண்டி அப்படி என்னிடம் வந்தவன். பால்மரம் வெட்டுகிறவன். இடது முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தான். ஆறு மாதம் நடை பழக்கினேன். பிறகு அவன் ஓடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் பெண்சாதி பஞ்சாலை சிரித்துக்கொண்டே குறை சொல்வாள்: “முன்னல்லாம் கள்ளுக்கடைக்குக் கெளம்புனா ஓடிப்போய்ப் பிடிச்சிருவேன் டிரெசரையா. இப்ப பிடிக்க முடியலை லா.”

ஜப்பான்காரன் வந்த பிறகுதான் எனக்குத் துணை கிடைத்தது. மொரிதா என்று ஓர் இராணுவ டாக்டர். போருக்கு முன் ஓட்டக்காரர்களின் கால்களை ஆராய்ந்தவராம். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான் பாலம். நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாற்பத்துமூன்றாம் வருஷம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. நல்லசாமிக் கங்காணி கிழவர்களையும் வம்புக்காரர்களையும் பொறுக்கிப் பெயர் எழுதி வந்தார்.

“இவர்கள் ஒரு வாரத்தில் விழுந்துவிடுவார்கள்” என்றேன்.

“விழட்டுமே. நமக்கு வேலைக்காரன் மிஞ்சுவான்ல.”

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஓட்டப்போட்டி வைக்கலாம் என்று மொரிதாவிடம் யோசனை சொன்னேன்.

ஜப்பான் ராஜாவின் பிறந்தநாள் அன்று வைத்தோம். எவ்வளவு நல்ல நாள் அது. வாளி நிறையத் தண்ணீரோடு மேட்டைச் சுற்றி மூன்று முறை ஓட வேண்டும். முதலில் வரும் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு சாக்கு அரிசி. ஒரு வருஷத்துக்கு மேலாக மரவள்ளிக்கிழங்கு தின்ற ஜனங்கள் அல்லவா? சுளுக்கு இருந்தவன்கூட அதை மறைத்துக்கொண்டு ஓடினான். பெண்கள் குலவை போட்டார்கள். மாயாண்டி ஒரு சொட்டுச் சிந்தாமல் முதலில் வந்தான். பஞ்சாலை அவன் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு அழுதாள். அன்று சாயங்காலம் தோட்டத்து லயமெல்லாம் சோற்று வாசம்.

மறுநாள் காலை லாரி வந்தது. அந்த நாற்பது பெயர்களை நான்தான் வாசித்தேன்.

பஞ்சாலை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். “கால்ல வீக்கம்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கய்யா. விட்டுருவானுங்க.”

அது உண்மை. என் சீட்டுக்கு அவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அவளிடம் பக்குவமாகத்தான் சொன்னேன்: “அவன் காலில் ஒரு குறையுமில்லை, பஞ்சாலை. நானே சரிசெய்த கால்.” பொய் எழுதினால் அத்தனை வருஷ வேலையும் கெட்டுப்போகுமே.

சயாமில் மொரிதாவின் நண்பர் ஒருவர் இருந்தார். மாதாமாதம் எழுதுவார். யார் எவ்வளவு மண் சுமந்தான், யாருக்கு எந்த மூட்டு வீங்கியது, எல்லாம் வந்தது. முகாமில் காலரா வந்ததையும் எழுதினார். அது என் ஆராய்ச்சியில் சேராது. மாயாண்டிக்கு மூங்கில் கீறிய புண் அழுகி, ஆகஸ்டில் உயிர் போய்விட்டது. முழங்கால் மட்டும் கடைசி வரை உறுதியாக இருந்ததாம். அந்தக் கடிதத்தை வாசித்த அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது?

மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மூவரையும் நடக்கவிட்டு அளந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டது இதுவல்ல, தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். உத்தரவில் இருந்தது இருபது பேர். இருபது பேரை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. நாற்பதாக்கச் சொல்லி மொரிதாவிடம் கேட்டவன் நான். அதற்கு முன்பே பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாம் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அதுவும் அப்போதே எனக்குத் தெரியும்.

வேறொன்று உங்களிடம் கேட்க வேண்டும். பஞ்சாலை இப்போது தனியாகப் பால் சுமக்கிறாள். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நடக்கிறாள். இப்படியே போனால் முதுகு போய்விடும். சரிசெய்து தருகிறேன் என்று மூன்று முறை ஆள் அனுப்பினேன். நேற்றுக்கூட என்னைக் கண்டதும் பாதை மாறிப் போனாள். ஏனென்றுதான் எனக்கு விளங்கவில்லை.