வெறுந்தொட்டில்

முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் குழந்தைகள் இல்லத்து ஆயா ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“ஏளா, அந்த வெள்ளைக்காரி கையில பட்டுன்னு ஒரு அடி போட்டுட்டேன்.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“தத்தெடுக்க வந்தவளையா? எதுக்கு?”

“புள்ளைய குளிப்பாட்டித் தூக்கிட்டு வாரேன், இவ வெறுந்தொட்டில ஆட்டிட்டு நிக்கா. புள்ளைக்கு வயிறு வலிக்குமேன்னு பதறிட்டேன்.”

“கோவிச்சாளா?”

“இல்ல. வயித்தப் பிடிச்சு அழுது காட்டினேன், புரிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் ஃபேன் காத்துல தொட்டில் ஆடினாக்கூட ஓடிவந்து பிடிச்சு நிறுத்துவா.”

“அப்ப நல்லா வளப்பா. எப்ப போறாவ?”

“வெள்ளிக்கிழமையே புள்ளையக் கொண்டு போயிட்டாவ.”

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்காக பஸ் நின்றது. கடைசி லாரி கடந்ததும் ஆயா சொன்னாள்:

“நேத்து சும்மாதான் உக்காந்திருந்தேன். பாத்தா, என் கை அதுபாட்டுக்குத் தொட்டில ஆட்டிக்கிட்டு இருக்கு.”

“வெறுந்தொட்டிலயா?”

“ஆமா. அங்கன புள்ளைக்கு வயிறு வலிச்சிருந்தா, நான்தான் ஆட்டினேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.”