நூற்றுப் பதினைந்து வோல்ட் மூச்சு

அலோ... அலோ, தேவராஜு! மாமா பேசறேன்டா, நெமிலிச்சேரிலேருந்து... ஆமா, துலுக்கானம்தான். உங்க அக்கா பார்வதத்துக்கு வேற எத்தினி புருசன் கீறான்?... சிரிக்காத. டிரான்ஸ்பார்மர் கொதிக்குதுடா!

... அதேதான், நீ கணக்கு போட்டுக் குடுத்தியே. பொண்ணு அமெரிக்காலேருந்து கொண்டாந்த ஆக்சிஜன் மெஷினுக்கு நானே கம்பி சுத்துனேனே... ஆமா ஆமா, ஊட்டு கரண்ட் இரநூத்தி முப்பது, அந்த மெஷினுக்கு நூத்திப் பதினஞ்சு வோல்ட்டுதான்.

... எவ்ளோ சூடா? நம்ம பூனை அதும் பக்கத்துல குந்திச்சு. மீசை மொத்தமா சுருண்டுகிச்சு. இப்ப எதிர் ஊட்டுப் பூனைக்கே அத்த அடையாளம் தெரியல... பொய்யா? வந்து பாரு!

... இல்லடா, மெஷினைக் கழட்டிட்டேன். அக்காவுக்கு அந்த சின்ன சிலிண்டர்தான் மாட்டிக்கீறேன். முள்ளு சிவப்புக்கு வந்துகினு கீது... எங்க? வானகரத்துலயா? புது சிலிண்டரை வண்டில வெச்சுகினு டிராபிக்ல அங்கயே நிக்கிறியா?... அய்யோ... ஆம்புலன்சும் சொல்லிட்டேன்டா, அதுவும் உன் பின்னாடிதான் எங்கியோ நிக்குது!

... மீட்டரா? கீது, கீது. வெளிய வர்றது நூத்திப் பதினஞ்சு, கரீட்டு... உள்ள போற கரண்டா? இரு... டேய், மெஷின் மாட்டாமலே நாலு ஆம்பியர்டா!... ஆமா, முழு லோடுக்கே மூணைத் தாண்டாதுன்னியே! நூறு வாட் வாங்கினா தொண்ணூறு குடுக்கும்னியே! இது வாங்கறதை எல்லாம் சூடாக்கித் தின்னுகினு கீது!

... சுத்து கொறஞ்சிருக்குமா? இன்னாடா பேசற! கரண்ட் உள்ள வர்ற பக்கம் நானூத்தி அறுபது, வெளிய போற பக்கம் இரநூத்தி முப்பது. வாய்விட்டு எண்ணிச் சுத்துனேன்... எப்பிடின்னா? எல்லாரும் எண்றாப்லதான்... சரி, கேளு. அஞ்சு, ஆறு, ஏழு, ஒம்போது, பத்து...

... இன்னா எட்டு?... டேய், உங்க அக்கா மூச்சுக்குன்னு சுத்தறேன், அதுல போய் ராசியில்லாத எட்டைச் சொல்லுவனா?... ஆமா, எழுபத்தி ஒம்போதுக்கு அப்பால நேரா தொண்ணூறு... கத்தாத! எட்டாந்தேதி பொறந்த உன்னை ஒம்போதுன்னு எழுதித்தானே உங்கப்பாரு ஸ்கூல்ல சேத்தாரு!

... அத்தினி கொறச்சலா?... வெளிய போற பக்கம் அதுல சரிபாதி கொறச்சலா?... ஓ, ரெண்டும் ஒரே கணக்கா கொறஞ்சதால வோல்ட்டு மட்டும் கரீட்டா காட்டுது. சுத்து பத்தாம இரும்பு தாங்காம கொதிக்குது... புரியுது, புரியுது. இப்ப இன்னா பண்றது, அத்தச் சொல்லு!

... மேலயே சேத்து சுத்தலாமா?... இடம் நெறைய கீது. ஏன்டா இவ்ளோ மிச்சம்னு நானே முழிச்சேன்... கம்பி கீது. பிளக்கைப் புடுங்கிட்டு, நடுவுல பேப்பர் வெச்சு, முன்ன சுத்துன பக்கமாவே, இரும்பு வளையத்து ஓட்டைல நுழைச்சு நுழைச்சு... சரி சரி. எத்தினி?... அந்த நம்பரா? அது என் வாயில வராதுடா! அதுலயும் எட்டுதானே முன்னாடி நிக்குது!

... கோடு போட்டு எண்றதா? ரெண்டு கையும் கம்பில கீது, கோடு எந்தக் கையால போட?... இரு, இரு... பார்வதம், மாஸ்க்கை எடுக்காத! பேசாதம்மா!... இன்னா?... தேவராஜு, உங்க அக்கா தானே எண்றேங்குதுடா. இந்த மூச்சை வெச்சுகினு! எட்டு சொன்னா சாவறனோ இல்லியோ, நீ சொல்லாததாலதான் இப்ப சாவறேங்குது...

... இல்லம்மா, நீ மாட்டிக்கோ. நானே சொல்றேன். சத்தியமா சொல்றேன்.

... நீ இன்னும் லைன்லயா கீற? மச்சான் காது கேக்க எட்டை எப்பிடிடா சொல்லுவேன்?... வைடா!... மாட்டியா?... சரி, நான் வைக்கிறேன்.