இடது பக்கம், ரொம்ப உள்ளே

நீங்கள் வந்ததிலிருந்து இடது பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறீர்கள், சார். நாற்காலியை மேசைப் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டால் இடுப்புக்கு நல்லது. தவறாக நினைக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு உடலை அறுத்துக் காட்டுவது என் வேலை. ஆறு வருடமாகச் செய்கிறேன். யாரைப் பார்த்தாலும் முதலில் முதுகுதான் கண்ணில் படும். முகத்தைப் பார்த்துப் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம்.

உடலில் கட்டியிருந்த எண் தகடு எப்படி மாறியது என்றுதான் கேட்டீர்கள். அதற்கு மட்டும் பதில் சொன்னால் புரியாது.

அத்தானின் முதுகை நான் பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். நான் போய்ச் சேர்ந்த வருடமே, கிடங்கில் மூட்டையோடு சறுக்கி விழுந்தார் அத்தான். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே கை வைத்து, "இடது பக்கம்மா, உள்ள, ரொம்ப உள்ள" என்பார். எடுத்த படங்களில் எலும்பு சுத்தமாக இருந்தது. மூன்று மருத்துவர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். அக்கா மட்டும் நம்பினாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அவரைத் தூக்கி உட்கார வைப்பாள், குளிப்பாட்டுவாள்.

நான் நம்பவில்லை. அறிவியல் படித்தவளுக்கு ஆதாரம் வேண்டும். வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். அவர் குனிந்து எடுக்கமாட்டார். நான் பார்ப்பது தெரிந்திருக்கும். அவருடைய செருப்பின் அடியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். மாலையில் கோடு அழியாமல் இருந்தது. வெறுங்காலோடு நடந்திருப்பார்.

ஒரு நாள் ஜன்னலோர நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருந்தது.

"யார் நகர்த்தினது, அத்தான்?"

"நான்தான். மூஞ்சில வெயில் அடிச்சுது. நகர்த்தறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துடுச்சு."

"திரும்பி வந்துச்சே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று அக்கா சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னடி, போலீஸா? அந்த மனுஷனைப் போட்டுக் குடையாத."

அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை.

உடல் தானப் படிவத்தை அவரேதான் கேட்டார். "உசுரோட இருக்கறப்போ ஒருத்தனும் நம்பல. செத்தப்புறமாவது தொறந்து பாத்து, இவன் பொய் சொல்லலைன்னு ஒரு வரி எழுதி உங்கக்கா கையில குடுங்க. உன்னால முடியும்ல?"

முடியும் என்றேன். மறுநாளே படிவத்தைக் கொண்டுவந்தேன்.

அந்த வருடக் கடைசியில் அக்காவுக்கு முதுகில் டிஸ்க் பிதுங்கியது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அன்று மாலையே பல்லைக் கடித்துக்கொண்டு அத்தானைத் தூக்கினாள். இரண்டு முதுகில் ஒன்றுதான் மிஞ்சும் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம். அக்கா கடையில் இருந்தாள். அத்தான் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முதுகு பிடித்துவிடச் சொன்னார். வாரத்துக்கு இரண்டு முறை நான் பிடித்துவிடுவது வழக்கம். வயிற்றுக்குக் கீழே சின்னத் தலையணையை வைத்துக் குப்புறப் படுக்க வைத்தேன். கழுத்திலிருந்து தோள்வரை விரியும் ட்ரபீசியஸ், இடுப்பு வரை இறங்கும் அகன்ற முதுகுத் தசை, அவற்றுக்கு உள்ளே முதுகெலும்பை நிமிர்த்திப் பிடிக்கும் நீண்ட தசைகள். ஒவ்வொன்றாக இளகின. தூங்கிப்போனார். முகத்தை மெத்தைக்குள் திருப்பினேன். ஒரு கை பின்தலையில், ஒரு முழங்கால் தோள்பட்டைகளுக்கு நடுவில். இளகியதெல்லாம் மறுபடி இறுகியது. கையைப் பின்னால் கொண்டுவந்து என் சட்டை நுனியைப் பிடித்தார். கையை அப்படிப் பின்னுக்கு இழுப்பது அகன்ற முதுகுத் தசைதான். பிறகு அதுவும் இளகியது.

நெடுநாள் படுக்கை, பலவீனமான இதயம் என்று குடும்ப மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

வேலை செய்பவரின் உறவினர் உடலை எங்கள் கல்லூரியில் வைத்துக்கொள்வதில்லை, வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். உடல்களை வைக்கும் அறையில் உடலுக்குப் பெயர் கிடையாது, கணுக்காலில் எண் தகடு மட்டும். அத்தானின் தகட்டையும் இன்னொரு உடலின் தகட்டையும் நான் மாற்றிக் கட்டினேன்; அந்த உடல் வெளியே போனது, அத்தான் எங்கள் கல்லூரியிலேயே தங்கினார். வேறு எந்த உள்நோக்கமும் இல்லை. எனக்கு ஆதாரம் தேவைப்பட்டது.

எட்டு மாதம் கழித்து வகுப்பு தொடங்கியது. முதலில் முதுகுதான். உடல் குப்புறக் கிடக்கும், தலையில் துணி சுற்றியிருக்கும். முதல் வாரம் தோல், அடுத்த வாரம் மேல் தசைகள். மூன்றாம் வாரம் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் கடைசி அடுக்குக்கு வந்தோம். மல்டிஃபிடஸ் என்று ஒரு தசை. வலது பக்கம் பழுப்பாக, நார் நாராக இருந்தது. இடது பக்கம், அவர் கை வைத்துக் காட்டிய அதே இடத்தில், தசையே இல்லை. மஞ்சளாகக் கொழுப்பு மட்டும்.

"மேடம், இந்தப் பக்கம் காணோம்" என்றாள் ஒரு மாணவி.

"வயசானா அப்படித்தான். வலது பக்கம் பாருங்க" என்றேன். அத்தானுக்கு நாற்பத்து நான்கு வயது.

அன்று மாலை அக்கா கேட்டாள். "அவரை எந்தக் காலேஜ்ல வெச்சிருக்காங்களோ. முதுகுல என்ன இருந்துச்சுன்னு விசாரிச்சியாடி?"

"விசாரிச்சேன்க்கா. நல்லாத்தான் இருந்துச்சாம்."

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு "பதினோரு வருஷம்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் அவருடைய படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை. இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அட்டெண்டர் அண்ணன் உங்களிடம் சொன்னது உண்மை. வகுப்பு நடந்த நாளெல்லாம், மேசையில் கிடந்த உடலின் வயிற்றுக்குக் கீழே வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையை வைத்தேன். "என்னம்மா, பொணத்துக்குத் தலகாணி? போர்வையும் போத்தி விடட்டுமா?" என்று அவர் எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தார். அது பேராசிரியர் காதுக்குப் போனது. அவர் வந்து முகத்துணியை அவிழ்த்துப் பார்த்தார். துக்கம் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்து அத்தானின் படத்தைப் பார்த்தவர் அவர், அடையாளம் தெரிந்துவிட்டது.

அக்காவுக்காகத்தான் செய்தேன். அந்த வலியை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

தலையணை எதற்கு என்று இரண்டாம் முறையாகக் கேட்கிறீர்கள். அதில் மறைக்க என்ன இருக்கிறது, சார். அது இல்லாமல் குப்புறப் படுத்தால் அத்தானுக்கு வலிக்கும்.