ஏலக்காய் ஸ்டோரில் ஒரு குப்பி

எனக்குக் கொஞ்சம் கூட்டிப் பேசுகிற பழக்கம் உண்டு சார். குரங்கணியில் தூறினால் போடியில் வெள்ளம் என்பேன். தேவாரத்துத் தோட்டத்துக்கு ஒற்றை யானை வந்துபோனால், என் வாயில் அது குட்டியும் குடும்பமுமாகக் கல்யாண ஊர்வலம் போகும். இன்று மட்டும் கூட்டாமல் சொல்கிறேன்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தத் திசு ஆய்வகத்தை வைத்தேன். கலீபுல்லா லேப் என்றால் மதுரை வரை தெரியும். மார்பில் கட்டி வந்த பெண்களின் சதைத்துணுக்கை மெல்லிய சீவலாக்கி, மரபணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் புரோப்பை அதில் விடுவேன். புற்றை வளர்க்கும் மரபணு சிவப்புப் புள்ளியாக மின்னும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. சிவப்பு கொத்துக் கொத்தாக இருந்தால் மரபணு பெருகியிருக்கிறது. கெட்ட சேதிதான், ஆனால் அந்தப் பெருக்கத்தையே குறிபார்த்து அடிக்கிற மருந்து இருக்கிறது. பெருக்கம் இல்லையென்றால் அந்த மருந்து கிடையாது. இரண்டு நிறமும் தெரியாமல் போனால், சதை கெட்டுவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

அப்படி மறுபடி கேட்கிற சோலியே என்னிடம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என் விரல் பட்டால் கருங்கல்லும் மின்னும் என்பேன். டாக்டர்களே நம்பினார்கள்.

மலைமேல் ஆஸ்பத்திரியிலிருந்து சதைத்துணுக்கு போட்ட குப்பிகளைக் கொண்டுவருவது சின்ராசு, ஏலத்தோட்டத்து ஜீப் டிரைவர். ஒரு மழையில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. காய் எடுக்கும் ஜோதியின் குப்பி தாமதமாக வந்தது. ஸ்லைடு முழுக்க இருட்டு. சின்ராசுவிடம் விசாரித்தேன்.

“ஈரத்துல கெட்டுப்போக விடுவனா பாய்? பாதை தெறக்குற வரைக்கும் ஏலக்கா ஸ்டோர்லதான் வச்சிருந்தேன். நல்ல கதகதப்பு” என்றான்.

மலையில் அதுதான் வழக்கம். துணி, தீப்பெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், பத்திரமாக இருக்க வேண்டிய எல்லாம் காய் உலர்த்தும் அந்தச் சூட்டறைக்குத்தான் போகும். மருந்துநீரில் கிடக்கும் சதை அந்தச் சூட்டில் பாழாகிவிடும் என்று அவனுக்கு யார் சொல்வது? நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜோதியிடம் மறுபடி சதை எடுக்க வேண்டும். என் ஸ்லைடும் இருண்டுபோகும் என்று ஊருக்குத் தெரிந்துபோகும். பெருக்கம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த காய் எடுப்புக்கு ஜோதி உயிரோடு இல்லை. அவளுக்குப் பெருக்கம் இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியாது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதன் பிறகு பாதை அடைத்தபோதெல்லாம் ஸ்டோரிலிருந்து குப்பிகள் வந்தன. இருட்டைப் பார்த்து இல்லை என்று எழுதுவது கைக்குப் பழகிவிட்டது.

போன மாதம் வந்தது சின்ராசுவின் மனைவி பாண்டீஸ்வரியின் குப்பி. அதைச் சூட்டுக்குழாய்க்குப் பக்கத்திலேயே வைத்து, தானும் அங்கேயே காவல் கிடந்தானாம்.

“இவளுக்குன்னு கூடுதலாப் பத்திரம் பண்ணிருக்கேன் பாய். வெரசாப் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. பெருக்கம் இல்லை என்று சொன்னேன்.

“அப்ப நல்ல சேதிதானா பாய்?” என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நல்ல சேதிதான் என்றேன்.

அவளுக்கு வைத்தியம் பார்க்கும் மதுரை டாக்டர் சந்தேகப்பட்டு அந்த ஸ்லைடை வாங்கிப் பார்த்ததால் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். பாண்டீஸ்வரி உயிரோடுதான் இருக்கிறாள், மறுபடி சதை எடுத்துப் பார்க்க இன்னும் காலம் இருக்கிறது என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் அதைச் சின்ராசுவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார். தன் கையாலேயே அத்தனை குப்பிகளையும் கெடுத்தோம் என்று தெரிந்தால் அவன் தாங்கமாட்டான். ஒருத்தர் மனசை நோகடிக்க என்னால் முடியாது.