விருந்தாளி நனையக் கூடாதில்ல

...இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன் ஃபெட்டு தம்பி. புயலடிச்சாலும் அறுந்துபோகாத நெட்வொர்க்குன்னு காலையில இந்த ஆஸ்பத்திரி வேனைக் கொண்டாந்து நிறுத்தினப்ப நீங்கதானே சொன்னீங்க? ஒரு தூறல்! ஒரே தூறல்தான் போட்டுச்சு, தலைநகரு ஆபியாவுல இருக்குற டாக்டரம்மா வாயைத் தொறந்தபடி டிவியில அப்படியே நின்னுட்டாங்க. கொட்டாவி விடுறாங்கன்னு நெனச்சு, மரியாதைக்கு நானும் பேசாம நின்னேன்...

உள்ள படுத்திருக்காரே, தவிட்டா, எங்க வீட்டுக்காரர். ஊரையே ஆட்டுற டெங்கு இவரையும் புடிச்சிருச்சு. ரத்தம் எடுத்தாச்சு. இங்கயே வெச்சிக்கலாமா, கப்பல்ல ஏத்தி ஆபியாவுக்குக் கொண்டுபோகணுமான்னு டாக்டரம்மாதான் சொல்லணும். சொல்லத்தான் வாயத் தொறந்தாங்க, பாவி நெட்வொர்க்கு!

அந்த வயரை எத்தன தடவ புடுங்கிச் சொருகுவீங்க? மொதல்ல கோகோவக் குடிங்க, ஆறிடப் போவுது. சேப்பங்கிழங்கு அவிச்சுத் தரலாம்னா பெரிய சட்டி வேற வேலையா இருக்கு.

இவருக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது, அப்பவும் கவலை என்ன தெரியுமா? ஞாயித்துக்கிழமை கோயில் பாட்டுல தன் எடத்துல, கூடப் பாடுற அந்த ஃபானுவாப் பய நின்னுடுவானாம்! எதப் பாத்தாலும் பாட்டாக் கட்டுற மனுஷன். போன மாசம் எங்க பன்னி ஓடிப்போனதுக்கே பாட்டு... ஆண்டவரே, இவர எழுப்பி விட்டுருங்க. பன்னிப் பாட்டையே பாடட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

நான் சும்மா இல்லப்பா. செபம் பண்ணிட்டேதான் இருக்கேன், உங்க மெஷினுக்கும் சேத்து. செபம் மட்டுமா? வேன் கூரைமேல ஒரு வெள்ளைத் தட்டு வெச்சிருக்கீங்களே, அதுவும் ஆபியாவுலேர்ந்து வந்த விருந்தாளிதானே? விருந்தாளிய நனைய விட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க? தூறல் போட்டதுமே ஏணி வெச்சு ஏறி, பெரிய அலுமினியச் சட்டிய அதுமேல கவுத்துட்டேன். பறக்காம இருக்க மேல ஒரு கல்லு வேற...

தம்பி? கோகோவ ஏன் கீழ வெச்சிட்டீங்க? எங்க ஓடுறீங்க? பாத்து, ஏணி வழுக்கும்! அது கழுவின சட்டிதான் தம்பி, சத்தியமா!

...அட! டாக்டரம்மா வாய மூடிட்டாங்க! பேசுறாங்க! என்னம்மா? ரத்தம் பயப்படுற மாதிரி இல்லையா? இங்கயே இருக்கலாமா? தண்ணி நெறைய குடுக்கணும், நாளைக்கி மறுபடி ரத்தம் பாக்கணும்... சரிம்மா, சரிம்மா! ஸ்தோத்திரம்!

ஃபெட்டு தம்பி... எறங்குறப்ப சட்டியச் சத்தமில்லாமக் கொண்டாங்க. இவருக்குத் தெரிஞ்சுது, எழுந்ததும் பாட்டாக் கட்டி, கோயில்ல நாலு குரல்ல பாட வெச்சிடுவாரு.