மயிரிழை லேட்

ஸ்மூத் ஜாஸை லிப்ட்டில் போடுகிற பாட்டு என்பார்கள். கும்மிடிப்பூண்டியில் லிப்ட் அவ்வளவாகக் கிடையாது. அதனால் நாங்கள் பர்மா பஜார் போய் சிடி வாங்கித்தான் கேட்க வேண்டியிருந்தது.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான் டிரம்ஸ். கிரேஸ் கீபோர்டு, ஞாயிறு காலையில் சர்ச்சுக்கு, சாயங்காலம் எங்களுக்கு. பழவேற்காட்டு மொஹசின் பேஸ் கிடார். அவனும் நானும் ஒரே கம்பெனி. அவன் பிரஸ் ஷாப்பில் தகடு அடிப்பவன், நான் எலக்ட்ரீஷியன். உங்களுக்குத் தெரிந்ததுதான் இன்ஸ்பெக்டர் சார். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிட்டால் எனக்கும் அலுப்பு தீரும்.

மொஹசின் எப்போதும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால்தான் வாசிப்பான். "லேட்டா வர்றடா" என்பேன்.

"இன்னா ஆதி, டிரெயினா புடிக்கப் போறோம்? சாஞ்சிக்கினு வாசிச்சாதான்டா ஃபங்க்."

"அவன் சாயறான், நீ மொறைக்கிற. பாட்டு எப்போ வாசிக்கிறது?" என்பாள் கிரேஸ்.

போன மாசம் மும்பையிலிருந்து ஒருவர், ஆல்பம் போட ஆள் தேடி வந்தார். மூன்று பேரையும் கேட்டுவிட்டு மொஹசினை மட்டும் வரச் சொன்னார். என்னிடம், "மெஷின் மாதிரி வாசிக்கிறீங்க" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆனால் மொஹசின் போனால் பாண்ட் இல்லை. பாண்ட் இல்லையென்றால் எனக்கு ஷிப்ட், தூக்கம், மறுபடி ஷிப்ட்.

தகட்டை அமுக்குகிற பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும், கை உள்ளே மாட்டாமல் இருக்க. அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் பட்டன்களை ரப்பர் போட்டுக் கட்டிவிடுவார்கள். பிரஸ் தானாக ஏறி இறங்கும்; ஏறும் நேரத்தில் தகட்டை மாற்ற வேண்டியது. மற்றவர்கள் கண்ணால் பார்த்து மாற்றுவார்கள். மொஹசின் காதால். அந்தச் சத்தத்தின் மேல் சாய்ந்து, தலையை ஆட்டிக்கொண்டே மாற்றுவான். பார்க்க அழகாக இருக்கும்.

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள், அவனுடைய பிரஸ்ஸின் கரண்ட் பேனலைத் திறந்து மோட்டார் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அவன் எவ்வளவு லேட்டாக வருவான் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. அந்த அளவுக்குத்தான் கூட்டினேன். அதற்கு மேல் ஒரு இம்மிகூட இல்லை.

இடது கை. பேஸ் கிடாரில் கம்பியை அமுக்குகிற விரல்கள்.

மெஷினை நிறுத்தியதும் நான்தான், தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். கம்பெனியில் அவனுடைய கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். பேனல் சாவி யாரிடம் இருக்கும் என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். என்னிடம்தான் சார் இருக்கும்.

கிரேஸ் இப்போது வருவதில்லை. மொஹசின் எங்கேயும் போகவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவன் காதில் ஹெட்போனை மாட்டிவிடுகிறேன். கழற்றி எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். மாத்திரை அப்படி. மற்றபடி எங்களுக்குள் ஒன்றுமில்லை. வேண்டுமானால் அவனையே கேளுங்கள் சார். நானும் கூட வருகிறேன். நான் பக்கத்தில் இருந்தால்தான் அவன் வாய் திறப்பான்.